நாள்பட்ட நோய் ஆய்வு: கடலூர், புதுச்சேரியில் களம் இறங்குவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், மாரடைப்பு, பக்கவாதம், சிறுநீரகச் செயலிழப்பு, புற்றுநோய் ஆகியவை ஊரில் யாருக்கு வருகின்றன, ஏன் வருகின்றன, எதைச் செய்தால் குறையும் என்று ஆராயப் போகிறவர்களுக்காக எழுதியது. பொதுச் சுகாதாரம் படிக்கும் மாணவர்கள், செவிலியர்கள், தொண்டு நிறுவனக் களப்பணியாளர்கள் ஆகியோரை மனத்தில் வைத்திருக்கிறோம். பதில்கள் பலவும் ஒரே இடத்துக்குத் திரும்பி வருவதைக் கவனிப்பீர்கள்: இந்த எண்ணிக்கையில் யார் விடுபட்டார்கள்?

பெரிய மருத்துவமனையில் ஆயிரக்கணக்கான நோயாளிகளின் பதிவேடு இருக்கிறதே. அதைக் கூட்டிப் பார்த்தால் போதாதா?

போதாது. விகிதம் என்றால் மேலே ஒரு எண், கீழே ஒரு எண் வேண்டும். பதிவேடு மேல் எண்ணை மட்டும் தரும். புதுச்சேரியிலுள்ள பெரிய மத்திய அரசு மருத்துவமனையான ஜிப்மருக்குப் புதுச்சேரிக்காரர்கள் மட்டுமா வருகிறார்கள்? கடலூர், விழுப்புரம், அதற்கும் அப்பாலிருந்து பேருந்து ஏறி வருகிறார்கள். அத்தனை பேரையும் புதுச்சேரி மக்கள்தொகையால் வகுத்தால் கிடைக்கும் எண்ணுக்குப் பொருள் கிடையாது. இன்னொரு பக்கம், லேசான சர்க்கரையோடு பண்ருட்டியில் பக்கத்துக் கிளினிக்கிலேயே மாத்திரை வாங்கிக்கொள்பவரும், தனக்கு நோய் இருப்பதே தெரியாதவரும், மாரடைப்பு வந்து வழியிலேயே இறந்தவரும் அந்தப் பதிவேட்டில் இல்லை.

மருத்துவமனைப் பதிவு உதவும் இடம் வேறு. அரிதான நோய்க்குக் காரணம் தேடும்போது, நோயாளிகளை அங்கே பிடித்து, அவர்கள் வந்த அதே ஊர்களிலிருந்து நோயில்லாதவர்களை எடுத்து ஒப்பிடலாம். பக்கத்து வார்டு நோயாளிகளையே ஒப்பீட்டுக்கு எடுத்தால் சிக்கல். நுரையீரல் புற்றுநோய்க்கு ஒப்பீடாக இதய நோயாளியை எடுத்தால் இருவருமே பீடி பிடித்தவர்களாக இருப்பார்கள். புகைக்கும் புற்றுநோய்க்கும் தொடர்பே இல்லை என்பதுபோல் முடிவு வந்து நிற்கும்.

இந்தப் பகுதியைப் பற்றி ஏற்கெனவே என்ன தெரியும்?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) இந்தியாப் என்ற சர்க்கரை நோய் ஆய்வு நாடு முழுவதும் 20 வயதுக்கு மேற்பட்ட 1.13 லட்சம் பேரைப் பார்த்து 2023இல் வெளியானது. அதில் சர்க்கரை நோய் தேசிய அளவில் 11.4%, புதுச்சேரியில் 26.3%, கோவாவுக்கு (26.4%) அடுத்த இடம். தமிழ்நாட்டில் 2020இல் உலக சுகாதார அமைப்பின் முறைப்படி நடந்த ஸ்டெப்ஸ் கணக்கெடுப்பு, 18–69 வயதினரில் 17.6% பேருக்குச் சர்க்கரை நோயும் 33.9% பேருக்கு உயர் ரத்த அழுத்தமும் இருப்பதாகக் கண்டது.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ‘முள்ளோடையைத் (கடலூர்–புதுச்சேரி எல்லை) தாண்டினால் சுகர் ஒன்றரை மடங்கு’ என்று எழுதிவிடாதீர்கள். வயது வரம்பு வேறு, ஆண்டு வேறு. சோதனை முறையும் வேறு: இந்தியாப் குளுக்கோஸ் கொடுத்து 2 மணி நேரம் கழித்தும் பார்த்தது. வெறும் வயிற்றில் சரியாக இருந்து, சாப்பிட்ட பின் எகிறுபவர்கள் நம் ஊரில் நிறைய. வெறும் வயிற்று அளவை மட்டும் பார்த்தால் அவர்கள் தப்பிவிடுவார்கள். தேசியக் குடும்ப நல ஆய்வு (2019–21) மாவட்ட வாரியாக எண் தருகிறது. ஆனால் அது எந்த நேரத்திலும் எடுத்த ரத்தம்; 140க்கு மேல் என்றால் ‘உயர்ந்த அளவு’ என்கிறது, நோய் என்று சொல்லவில்லை.

வயதைச் சரிசெய்வது என்கிறார்களே, அது ஏன்?

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். இரண்டு ஊர்களிலும் 45 வயதுக்குக் கீழே 10% பேருக்கும் மேலே 40% பேருக்கும் ரத்த அழுத்தம் என்று வைத்துக்கொள்வோம். அதாவது ஆபத்து ஒன்றேதான். முதல் ஊரில் 100 பேரில் 80 பேர் இளையவர்கள்: மொத்தம் 16%. இரண்டாவது ஊரில் பாதிக்குப் பாதி: 25%. ‘இரண்டாவது ஊரில் ஏதோ கோளாறு’ என்று கிளம்பினால் தேடிக் கண்டுபிடிக்க அங்கே எதுவும் இருக்காது. இரண்டு ஊரின் விகிதங்களையும் ஒரே பொது வயதமைப்பில், உதாரணமாக 65 பேர் இளையவர், 35 பேர் மூத்தவர் என்ற அமைப்பில் பொருத்தினால் இரண்டுமே 20.5% ஆகும். பிள்ளைகள் வெளிநாடு போய்ப் பெற்றோர் மட்டும் தங்கிய தெருக்கள் இந்த வட்டாரத்தில் அதிகம் என்பதால் இதைச் செய்யாமல் ஒப்பிடவே கூடாது.

எத்தனை பேரைப் பார்க்க வேண்டும்?

சூத்திரம் இது: 3.84 × விகிதம் × (1 − விகிதம்) ÷ பிழை வரம்பின் வர்க்கம். 3.84 என்பது 95% நம்பிக்கைக்கான எண் (1.96இன் வர்க்கம்). விகிதம் 26%, இருபக்கமும் 3% பிழை போதும் என்றால்: 3.84 × 0.26 × 0.74 ÷ 0.0009 = 821 பேர்.

இதோடு நிறுத்திவிடுவதுதான் வழக்கமான தவறு. தெருத் தெருவாகக் கொத்தாக ஆள் எடுக்கிறீர்கள். ஒரே தெருவில் இருப்பவர்கள் ஒரே கிணறு, ஒரே கடை, பெரும்பாலும் ஒரே தொழில். 40 பேரைப் பார்த்தாலும் 40 தனித்தனித் தகவல் கிடைக்காது. அதற்காக 1.5ஆல் பெருக்குங்கள்: 1,232. நூற்றுக்கு 15 பேர் மறுப்பார்கள் அல்லது கிடைக்க மாட்டார்கள் என்றால் 0.85ஆல் வகுக்க வேண்டும்: சுமார் 1,450. முப்பது கொத்து எடுத்தால் கொத்துக்கு 48 அல்லது 49 பேர். ஆண், பெண், நகரம், கிராமம் ஒவ்வொன்றுக்கும் தனி எண் வேண்டுமென்றால் ஒவ்வொன்றுக்கும் இதே கணக்கைத் தனியாகப் போட வேண்டும். ஆய்வு முடிந்த பிறகு 1,450 பேரைப் பத்தாகப் பிரித்து ‘மீனவப் பெண்களில் இத்தனை சதவீதம்’ என்று சொன்னால் அந்த எண் காற்றில் ஆடும்.

ஊர்களையும் ஆட்களையும் எப்படித் தேர்ந்தெடுப்பது?

மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஊர், வார்டுப் பட்டியலை எடுத்து, மக்கள்தொகையை ஒன்றன்கீழ் ஒன்றாகக் கூட்டிக்கொண்டே வாருங்கள். மொத்தத்தை 30ஆல் வகுத்தால் இடைவெளி. அதற்குள் குலுக்கலில் ஒரு எண் எடுத்து, அங்கிருந்து இடைவெளியைக் கூட்டிக் கூட்டிப் போனால் எந்த ஊரில் விழுகிறதோ அதுதான் கொத்து. பெரிய ஊர் விழ அதிக வாய்ப்பு, அதுதான் வேண்டும்.

இங்கே மூன்று பள்ளங்கள். புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் 12,47,953 பேரில் (2011) காரைக்கால், கேரளக் கரையிலுள்ள மாஹே, ஆந்திராவிலுள்ள ஏனாம் எல்லாம் அடக்கம். உங்கள் கேள்வி புதுச்சேரி வட்டாரத்தைப் பற்றியது என்றால் முதலிலேயே பிரித்துவிடுங்கள். இரண்டாவது, புதுச்சேரி நிலம் துண்டு துண்டாகத் தமிழ்நாட்டுக்குள் கிடக்கிறது. ஒரே சாலையின் ஒரு பக்கம் ஒரு அரசு, மறுபக்கம் இன்னொரு அரசு. களப்பணியாளர் வரைபடம் இல்லாமல் போனால் பாகூர் பக்கம் தொடங்கி கடலூர் மாவட்டத்தில் முடிப்பார். மூன்றாவது, பட்டியல் பழையது. தவளக்குப்பம் மாதிரி இடங்களில் அதற்குப் பிறகு எத்தனையோ நகர்கள் முளைத்துவிட்டன. தேர்வான கொத்தில் வீடுகளை நீங்களே ஒருமுறை எண்ணி, எண் போட்டு, பிறகு குலுக்க வேண்டும்.

வீட்டுக்குள் யாரைப் பார்ப்பது என்பதையும் குலுக்கலே சொல்ல வேண்டும். கதவைத் திறந்தவரைப் பிடித்து உட்கார வைத்தால் பாட்டிகள் மட்டுமே நிறைந்த ஆய்வு கிடைக்கும்.

ஆண்கள் வீட்டில் கிடைப்பதே இல்லையே?

காலை 11 மணிக்குப் போனால் எப்படிக் கிடைப்பார்கள்? தேவனாம்பட்டினத்திலும் தாழங்குடாவிலும் விடிவதற்கு முன்பே படகு போய்விடும். திரும்பி வந்த பின் ஏலம், வலை பிரிப்பு. நெய்வேலியில் ஷிப்ட். பண்ருட்டிப் பக்கம் முந்திரிப் பருவத்தில் வீட்டில் யாருமே இருக்க மாட்டார்கள். கிராமங்களில் அரசின் ஊரக வேலைத் திட்டப் பணி நடக்கும் வாரத்தில் பெண்களும் கிடைக்க மாட்டார்கள். ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் முதல் வாரமே பேசி, எந்த நேரம், எந்த நாள் என்று கேட்டுக்கொண்டு போங்கள். கடற்கரைக் குப்பங்களில் அவர்கள் ஒப்புதல் இல்லாமல் இரண்டாவது நாள் வேலை நடக்காது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு ஆட்கள் ஊரில் இருப்பார்கள், அப்போதே முடித்துவிடலாம் என்று தோன்றும். ஆள் கிடைப்பார், ஆனால் அந்த இரண்டு மாதமும் அவர் உழைப்பு, சாப்பாடு, செலவு, குடி எல்லாமே மாறியிருக்கும். ‘கடந்த 7 நாளில் எவ்வளவு நேரம் கடின உழைப்பு?’ என்ற கேள்விக்கு வரும் பதில் அவரது ஆண்டைக் காட்டாது. அளவுகளை அப்போது எடுத்து, பழக்கம் பற்றிய கேள்விகளைத் தொழில் நடக்கும் மாதத்தில் கேட்பது நல்லது.

ஒருவருக்காக வெவ்வேறு நேரங்களில் மூன்று முறை போங்கள். அப்படியும் கிடைக்காவிட்டால் ‘கிடைக்கவில்லை’ என்று வயதோடும் தொழிலோடும் பதியுங்கள். பக்கத்து வீட்டுக்காரரை மாற்றாகப் போடாதீர்கள். வீட்டில் இருப்பவரும் இல்லாதவரும் ஒரே மாதிரி ஆட்கள் அல்ல.

ரத்த அழுத்தம் பார்ப்பதில் என்ன தவறு வந்துவிடப் போகிறது?

நிறைய. கையில் சுற்றும் பட்டையான கஃபின் காற்றுப் பையின் நீளம் கைச் சுற்றளவில் 80%, அகலம் 40% இருக்க வேண்டும். பருத்த கையில் சிறிய கஃப் போட்டால் அளவு கூடுதலாகக் காட்டும். இரண்டு அளவாவது கையில் இருக்கட்டும். கை தொங்கினாலும் கூடும்: இதய மட்டத்துக்கு 10 செ.மீ. கீழே போனால் சுமார் 8 புள்ளி ஏறும். பல வீடுகளில் நாற்காலி இருக்காது. தரையில் உட்கார வைத்து, கையை மடியில் வைக்கச் சொல்லி எடுத்தால் அத்தனை பேருக்கும் அழுத்தம் கூடியிருக்கும். மடக்கு நாற்காலி ஒன்றும் கை வைக்கச் சிறு ஸ்டூல் ஒன்றும் தூக்கிக்கொண்டு போங்கள்.

அரை மணி நேரத்துக்கு முன் டீ, பீடி கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, 5 நிமிடம் முதுகு சாய்ந்து, கால் மேல் கால் போடாமல், பேசாமல் இருக்க வேண்டும். கேள்விப் பட்டியலைக் கேட்டுக்கொண்டே அளக்கும் பழக்கத்தை முதல் நாளே வெட்டுங்கள். மூன்று முறை, இடையில் 1 முதல் 3 நிமிட இடைவெளி. முதல் அளவை ஒதுக்கி, மற்ற இரண்டின் சராசரியை எடுங்கள். சராசரி 140/90 அல்லது அதற்கு மேல், அல்லது ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் உயர் அழுத்தக் கணக்கில் வருவார். மாத்திரையால் 128இல் இருப்பவரை விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை.

வாரம் ஒருமுறை கடைசி இலக்கத்தைப் பாருங்கள். டிஜிட்டல் கருவியில் 0 முதல் 9 வரை ஒவ்வொன்றும் பத்தில் ஒரு பங்கு வர வேண்டும். ஒருவருடைய தாளில் 120, 130, 110 என்று பாதிக்கு மேல் பூஜ்யத்தில் முடிந்தால், அவர் அளக்கவில்லை, எழுதுகிறார்.

ரத்தச் சோதனையில்?

வெறும் வயிறு என்றால் குறைந்தது 8 மணி நேரம். ‘எதுவும் சாப்பிடலை’ என்பார். டீ குடித்தீர்களா என்று தனியாகக் கேளுங்கள், டீ இங்கே சாப்பாட்டுக் கணக்கில் வராது. குளுக்கோஸ் கொடுக்கும்போது 75 கிராம் நீரற்ற குளுக்கோஸ். சாதாரண மோனோஹைட்ரேட் பொடி என்றால் 82.5 கிராம். 250–300 மி.லி. தண்ணீரில் கரைத்து 5 நிமிடத்தில் குடிக்க வேண்டும். முதல் வாய் குடித்த நேரத்திலிருந்து 2 மணி. இடையில் வயலுக்குப் போய்விட்டு வந்தால் அந்த அளவு செல்லாது.

குழாயில் எடுத்த ரத்தத்தில் செல்கள் தொடர்ந்து சர்க்கரையைத் தின்னும். பிரிக்காமல் வைத்தால் மணிக்கு 5–7% குறையும், மே மாத வெயிலில் இன்னும் வேகமாக. காலையில் 130 இருந்தவர் இரண்டு மணி நேரத்தில் 115 ஆகி, நோய் என்று சொல்லும் 126 என்ற எல்லைக்குக் கீழே இறங்கிவிடுவார். செல்கள் சர்க்கரையைத் தின்பதைத் தடுக்கச் சாம்பல் மூடிக் குழாயில் இருக்கும் ஃப்ளோரைடு உடனே வேலை செய்யாது, ஒன்றிரண்டு மணி நேரம் எடுக்கும். ஆகவே ஐஸ் பெட்டி கட்டாயம், அரை மணிக்குள் சுழற்றிப் பிரிப்பது உத்தமம். கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி சோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லை, 6.5% எல்லை. ஆனால் இரும்புச்சத்துக் குறைவான ரத்தசோகையில் அது சற்று உயர்ந்து காட்டும். நம் பெண்களிடம் ரத்தசோகை எவ்வளவு என்பது தெரிந்ததே, எனவே ஹீமோகுளோபினையும் கூடவே பாருங்கள்.

உப்பு, குடி, புகையிலை பற்றி நேர்மையான பதில் வாங்க முடியுமா?

உப்பைப் பற்றிக் கேட்டே பயனில்லை. ‘அளவாத்தான் போடுவோம்’ என்றுதான் வரும். கருவாடு, ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய் அவர் கணக்கில் இல்லை. 24 மணி நேரச் சிறுநீர்தான் சரியான வழி. காலை முதல் சிறுநீரை வெளியே விட்டு நேரம் குறித்து, மறுநாள் காலை முதல் சிறுநீர்வரை எல்லாவற்றையும் 5 லிட்டர் கேனில் சேர்க்க வேண்டும். சோடியம் மில்லிமோலை 58.5ஆல் பெருக்கினால் உப்பு மில்லிகிராமில் கிடைக்கும்: 150 மில்லிமோல் என்றால் சுமார் 8.8 கிராம், உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை 5 கிராமுக்குக் கீழே. மொத்தம் 500 மி.லி.க்குக் குறைவாக வந்தால் சேகரிப்பில் பாதி போய்விட்டது என்று சந்தேகியுங்கள், சேகரிப்பு முழுமையா என்று அறியச் சிறுநீரில் கிரியேட்டினினும் பாருங்கள். வெயிலில் உழைப்பவருக்கு வியர்வையிலும் உப்பு போகும், அவரது உண்மையான அளவு இன்னும் அதிகம்.

குடியை ‘பெக்’கில் கேட்காமல் ‘குவார்ட்டர்’, ‘பீர் பாட்டில்’ என்று கேளுங்கள். 180 மி.லி. குவார்ட்டரில் 42.8% என்றால் ஏறக்குறைய 61 கிராம் ஆல்கஹால், அதாவது 10 கிராம் கணக்கில் ஆறு அளவு. 650 மி.லி. ஸ்ட்ராங் பீர் 8% என்றால் நான்கு. புதுச்சேரியில் சாராயக்கடை சட்டப்படி உண்டு, தமிழ்நாட்டில் கிடையாது. கேள்வித்தாளை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் அப்படியே நகலெடுத்தால் சாராயம் என்ற விடை விடுபட்டுப்போகும். மனைவி பக்கத்தில் இருக்கும்போது கேட்காதீர்கள். புகையிலைக்கு, ‘வெற்றிலை போடுவீர்களா, அதோடு என்ன சேர்ப்பீர்கள்?’ என்று போனால்தான் உண்மை வரும்.

இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது என்று தெரிந்தால் காரணம் என்று சொல்லிவிடலாமா?

ஒரே நேரத்தில் எடுத்த கணக்கெடுப்பில் ‘இனிப்பு அதிகம் சாப்பிடுபவர்களுக்குச் சர்க்கரை நோய் குறைவு’ என்று வரும். நோய் என்று தெரிந்ததும் இனிப்பை நிறுத்தியவர்களின் வேலை அது. முன்பின் தெரிய வேண்டுமானால் நோயில்லாதவர்களைச் சேர்த்து வருடக்கணக்கில் பின்தொடர வேண்டும். அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் ஊரில் 1948இல் 5,209 பேரோடு இதய நோய் ஆய்வு தொடங்கியது அப்படித்தான். ஒரு தொடர்பு காரணமாகுமா என்று பார்க்க 1965இல் ஆங்கிலேயப் புள்ளியியலாளர் பிராட்ஃபோர்டு ஹில் சொன்ன ஒன்பது அம்சங்களில் நாங்கள் கைவிடவே கூடாது என்று சொல்வது காலவரிசையை. மற்றவை எடைபோட உதவும்.

கடலூர் சிப்காட் தொழிற்பேட்டைக்குப் பக்கத்து ஊர்களில் புற்றுநோய் அதிகம் என்கிறார்களே, நாங்கள் நிரூபிக்க முடியுமா?

மக்களின் கவலையைத் தள்ளவும் கூடாது, கேட்ட எண்ணிக்கையை அப்படியே எழுதவும் கூடாது. முதலில், உறுதியான நோயறிதல் உள்ளவர்களை உறுப்பு வாரியாகப் பிரியுங்கள். மார்பகம், வாய், ரத்தம் எல்லாம் ஒரே காரணத்தில் வருபவை அல்ல. எத்தனை வருடத்துக்கு, எந்த எல்லைக்குள் என்பதை எண்ணுவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். நோயாளிகள் இருக்கும் வீடுகளைச் சுற்றிப் பிறகு கோடு போட்டால் எந்த ஊரிலும் ‘கொத்து’ கிடைக்கும்.

பிறகு எதிர்பார்க்கப்படும் எண். ஒரு பேச்சுக்கு, அந்த வயது அமைப்புக்கு ஆண்டுக்கு லட்சத்துக்கு 100 என்று புற்றுநோய்ப் பதிவகம் சொன்னால், 5,000 பேர் கொண்ட ஊரில் 5 ஆண்டில் 25 பேர். தற்செயலாகவே இது 15 முதல் 35 வரை ஆடும். எனவே 33 என்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. 45 என்றால் கவனிக்க வேண்டியது. திடப் புற்றுநோய்களில் (ரத்தப் புற்றுநோய் அல்லாத கட்டிகள்) நச்சுப்பொருள் உடலில் படுவதற்கும் நோய்க்கும் நடுவே 10, 20 ஆண்டுகள் போகும் என்பதால், இன்றைய நீர் மாதிரியை விட நோயாளி 15 ஆண்டுக்கு முன் எங்கே குடியிருந்தார், எந்த ஆழத்துக் கிணற்று நீர் குடித்தார், எங்கே வேலை செய்தார் என்பதே முக்கியம். ஊரை விட்டுப் போனவர்களையும் தேடுங்கள். புற்றுநோய் எண்ணிக்கையை மட்டும் காத்திருந்து பார்ப்பதை விட, காற்றிலும் நீரிலும் உள்ளதை இப்போதே அளந்து வரம்போடு ஒப்பிடுவது ஊருக்கு வேகமாகப் பயன்படும்.

தடுப்பு முயற்சி பலித்ததா என்று எப்படி அறிவது?

முகாமில் அழுத்தம் கூடியிருந்தவர்களை மட்டும் பொறுக்கி, மூன்று மாதம் யோகா சொல்லிக்கொடுத்து, மீண்டும் அளந்தால் சராசரி இறங்கியிருக்கும். யோகா சொல்லிக்கொடுக்காமல் விட்டிருந்தாலும் ஓரளவு இறங்கியிருக்கும். அன்றைக்குத் தற்செயலாக உயர்ந்திருந்தவர்கள் தங்கள் இயல்பு அளவுக்குத் திரும்புவதுதான் காரணம். இதைப் பிரித்தறிய ஒப்பீட்டு ஊர்கள் வேண்டும். எந்த ஊர் எந்தப் பக்கம் என்பதைக் குலுக்கல் முடிவு செய்ய வேண்டும். எல்லா ஊருக்கும் கட்டாயம் தரவேண்டிய திட்டம் என்றால், எந்த ஊருக்கு முதலில் என்பதையாவது குலுக்குங்கள்.

முறையாகச் செய்தால் என்ன தெரியும் என்பதற்குச் சென்னையில் நடந்து 2006இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டம் உதாரணம். நோயின் விளிம்பில் இருந்த 531 பேரில், வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55% பேருக்கு மூன்று ஆண்டில் நோய் வந்தது. நடை, உணவு மாற்றம் என்று தொடர்ந்து கவனிக்கப்பட்டவர்களில் அது 39.3%. அதாவது ஏழு பேரைக் கவனித்தால் ஒருவரைக் காப்பாற்றலாம்.

இன்னும் ஒரு முகாம் என்பது எப்போதும் சரியான விடை அல்ல. தமிழ்நாட்டு ஸ்டெப்ஸில் உயர் அழுத்தம் உள்ளவர்களில் 7.3% பேருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது. கண்டுபிடித்தபின் மாத்திரை எங்கே நின்றுபோகிறது என்பதைத் தேடுவது அதிகப் பலன் தரும். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வீட்டுக்கே மாத்திரை கொண்டுபோவது அந்த இடைவெளிக்காகத்தான். மாத்திரை போய்ச் சேர்ந்ததா என்பதோடு நிறுத்தாமல், அழுத்தம் இறங்கியதா என்று பாருங்கள்.

அனுமதி, மென்பொருள்?

நெறிக்குழு ஒப்புதல் முதலில். ஐசிஎம்ஆரின் 2017 வழிகாட்டி நெறிகளைப் படித்துவிட்டு விண்ணப்பியுங்கள். ஒப்புதல் படிவத்தைப் படித்துக்காட்டும் தமிழ் பேச்சுத் தமிழாக இருக்கட்டும். கைபேசியில் பதிய கோபோ டூல்பாக்ஸ், கணக்குக்கு ஆர் என்ற மென்பொருள், இரண்டையும் இலவசமாகப் பயன்படுத்தலாம். கொத்து முறையில் எடுத்ததைக் கொத்து முறைக்கான கட்டளையில்தான் அலச வேண்டும்.

அளக்கும்போது ஆபத்தான எண் வந்தால்?

180/110க்கு மேல் மூன்று முறையும் வந்தால் ஆய்வை அங்கேயே நிறுத்தி, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ மருத்துவமனைக்கோ அனுப்புங்கள். நெஞ்சுவலி, கை கால் மரத்தல், பேச்சுக் குழறல் இருந்தால் 108. மற்ற எல்லோருக்கும் அவரவர் அளவை எழுதிய சீட்டை அந்த இடத்திலேயே கொடுங்கள். ரத்த முடிவை எந்தத் தேதிக்குள், யார் கொண்டுவந்து தருவார் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். அந்தத் தேதி தவறினால் அடுத்த சுற்றில் அந்தத் தெருவில் கதவு திறக்காது.